வதந்தியை அடக்குவதா, ஆராய்வதா?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கைபேசியில் பார்த்த ஒரு செய்தியை மாணவர் வகுப்பில் சொல்கிறார். "அதெல்லாம் இங்கே பேசக்கூடாது" என்று நாம் தடுக்கலாம். "அது பொய், உட்கார்" என்றும் முடித்துவிடலாம். வகுப்பு அமைதியாகிவிடும். ஆனால் அந்தப் பேச்சு கடைசி பெஞ்சில் தொடரும்.

இதைச் சிறிய விஷயமாக எண்ண முடியாது. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே கோவிலுக்கு வந்த மூதாட்டி ஒருவரை அடித்தே கொன்றார்கள். அவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம்.

2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகக் காணொலிகள் பரவின. அவற்றுள் ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களிடையே நடந்த மோதல் என்று அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு விளக்கினார். காட்சிகள் உண்மையானவை, அவற்றோடு ஒட்டப்பட்ட கதைதான் பொய். வெறுமனே "நம்பாதீர்கள்" என்று சொல்லாமல், எது எங்கே நடந்தது என்று காட்டியதுதான் அந்த விளக்கத்தின் வலிமை. வகுப்பறைக்கும் இதே வழிதான் பொருந்தும்.

நான் கரும்பலகையில் நான்கு கேள்விகள் எழுதுவேன். இதை முதலில் சொன்னவர் யார்? எங்கே, எப்போது எடுத்தது? வேறு யார் உறுதி செய்கிறார்கள்? இதைப் பார்த்ததும் எனக்குக் கோபமோ பயமோ ஏன் வருகிறது?

காணொலியில் தெரியும் கடைப் பலகை, வாகன எண், பேசும் மொழி ஆகியவற்றை மாணவர்களே கவனித்துச் சொல்வார்கள். படம் பழையதா என்பதைக் கணினி அறையில் கூகுள் லென்ஸ் வழியாகத் தேடலாம். விடை கிடைக்காவிட்டால், "இன்னும் உறுதியாகவில்லை, அதுவரை யாருக்கும் அனுப்ப வேண்டாம்" என்று எழுதி வைப்போம். தொடக்க வகுப்புகளுக்குக் காதோடு காதாகச் செய்தி சொல்லும் விளையாட்டே போதும். கடைசிப் பிள்ளை சொல்வதைக் கேட்டு எல்லாரும் சிரிப்பார்கள். செய்தி திரிவது எப்படி என்பதும் புரிந்துவிடும்.

அப்படியானால் எதையுமே தடுக்க வேண்டாமா? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. எரிச்சலூட்டும் பேச்சு என்பது போன்ற தெளிவற்ற வரையறைகள் கருத்துரிமையைப் பாதிக்கும் என்பது முக்கியக் காரணம். எனவே வகுப்பிலும் எல்லை தெளிவாக இருக்கட்டும். சக மாணவரையோ அவருடைய ஊரையோ மொழியையோ இழிவாகப் பேசினால் உடனே நிறுத்துவேன். "இது உண்மையா?" என்ற கேள்வியை மட்டும் ஒருபோதும் நிறுத்த மாட்டேன்.

புலம்பெயர் தொழிலாளர்களின் பிள்ளைகளும் இன்று நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். அத்தகைய காணொலியைப் பார்த்த பிள்ளையும், அந்தக் காணொலி யாரைப் பற்றியதோ அந்தப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கக்கூடும். நாம் பேச்சை அடக்கிவிட்டால் ஒரு பிள்ளையின் மனத்தில் வெறுப்பும் மற்றொரு பிள்ளையின் மனத்தில் அச்சமும் தங்கிவிடும். இருவரும் சேர்ந்து ஆராய நாம்தான் இடம் தர வேண்டும்.