சந்தனக் கன்றுக்குத் துணை வேண்டும்

மாத்தளை மாவட்டத்தில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள், ஆய்வுகூடத்தில் வளர்த்த சந்தனக் கன்று வாங்கலாமா என்று யோசித்தால், இன்றைய பேச்சு அவர்களுக்குத்தான்.

விதை போட்டால் போதாதா? போடலாம். ஆனால் சந்தன விதை ஒரே சீராக முளைக்காது. அதைவிடப் பெரிய சிக்கல், ஒரே தாய்மரத்தின் பிள்ளைகளும் ஒன்றுபோல் வருவதில்லை. மணமும் எண்ணெயும் இருப்பது மரத்தின் நடுவிலுள்ள வைரத்தில்தான். வெளிப்புற வெள்ளை மரத்தில் வாசம் கிடையாது. வைரம் வைக்கத் தொடங்கவே ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆகும். அத்தனை காலம் தண்ணீர் ஊற்றிய பிறகு மரம் ஏமாற்றினால் யாரிடம் போய்க் கேட்பது? நல்ல வைரம் கொண்டதென்று தெரிந்த மரத்தையே நகலெடுக்க உதவுவதுதான் இழைய வளர்ப்பு.

தாய்மரத்தின் இளங்கிளையிலிருந்து ஒரு சிறு கணுத்துண்டை வெட்டி, கிருமி நீக்கி, போத்தலுக்குள் வைப்பார்கள். அடியில் சீனி, கனிம உப்புகள், வளர்ச்சி ஓமோன் கலந்த கூழ். சுமார் 25 பாகை வெப்பம், விளக்கு வெளிச்சம். சில வாரங்களில் மொட்டு விரியும். ஒரு பூஞ்சண வித்து நுழைந்தாலும் அந்தப் போத்தலை வீசிவிட வேண்டியதுதான். குருத்து வந்தாலும், வேர்விட வைப்பது சந்தனத்தில் கடினமான வேலை.

இந்தியாவில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1963இலேயே சந்தன விதையின் உணவுப் பகுதியை ஆய்வுகூடத்தில் வளர்த்து அறிக்கை வெளியிட்டார்கள். 1978இல் மும்பை பாபா அணு ஆராய்ச்சி நிலையமும், 1979இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் இழையத்திலிருந்து முழுக் கன்றுகளை உருவாக்கிக் காட்டின. 1988இல் மும்பை விஞ்ஞானிகள் சந்தன முளையங்களைக் கடற்பாசிப் பசை உருண்டைகளில் பொதிந்து, செயற்கை விதையாகவே முளைக்க வைத்தார்கள்.

ஆனால் சந்தனம் தனித்து வாழும் மரமல்ல. அது குறை ஒட்டுண்ணி. இலையில் உணவு தயாரித்தாலும், நீரையும் கனிமங்களையும் பக்கத்துச் செடியின் வேரிலிருந்து உறிஞ்சும். மண்ணைக் கிளறிப் பார்த்தால், சந்தன வேரிலிருந்து சிறு மணிபோன்ற பருகிகள் அடுத்த வேரைக் கவ்வியிருப்பது கண்ணுக்கே தெரியும். போத்தலுக்குள் இருக்கும்வரை கூழே ஊட்டிவிடுகிறது. வெளியே வந்த கன்றைத் தனியே நட்டால், கொஞ்ச நாள் பச்சையாக நின்று பிறகு வெளிறிச் சோர்ந்துவிடும். ஆய்வுகூடத்தில் எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தாலும் இந்தத் தேவை மாறாது.

மாத்தளையில் மிளகுக்கொடி படர்வதற்கென்றே கிளிரிசிடியா நட்டுப் பழகியவர்கள் நாம். அவரைக் குடும்பத்து மரம். சந்தனத்துக்கு அந்தக் குடும்பம் பிடிக்கும். சந்தனக் கன்று பையில் இருக்கும்போது துவரையோ பொன்னாங்காணியோ கூட வளரட்டும். நிலத்தில் நட்டபின் கிளிரிசிடியாவை அவ்வப்போது கவாத்துப் பண்ணி வெளிச்சம் விட வேண்டும். தண்ணீர் தேங்கும் இடம் ஆகவே ஆகாது.

கன்று வாங்கும்போது கூச்சப்படாமல் கேளுங்கள். தாய்மரம் எது, அதன் வைரத்தைச் சோதித்தார்களா, போத்தலை விட்டு வெளியே வந்து எத்தனை மாதம், பையில் துணைச்செடி இருக்கிறதா? எல்லாக் கன்றையும் ஒரே தாயிடமிருந்து வாங்க வேண்டாம். ஒரு நோய் வந்தால் அத்தனையும் ஒன்றாகப் போய்விடும். நல்ல விளைச்சலுக்கு இருபது, முப்பது ஆண்டுகள் செல்லும். ஐந்தாறு வருடத்தில் பணம் கொட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மரத்தை வெட்டவும் ஏற்றிச் செல்லவும் உள்ள விதிகளை நடுவதற்கு முன்பே வனப் பாதுகாப்புத் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். கன்று வாங்கும் அன்றைக்கே ஒரு பிடி துவரை விதையும் வாங்கி வாருங்கள்.