சென்னைப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதை மலருக்காக எழுதிக் கொடுத்தது)

எனக்கு மைக் பிடித்துப் பழக்கம் இல்லை. பத்தாவதோடு படிப்பு நின்றுபோச்சு. தப்பு இருந்தால் மன்னிச்சுக்குங்க.

பொங்கல் முடிந்ததும் சென்னையில் மறுபடி மூன்று நாள் பயிற்சி வைக்கிறார்கள். நம்ம கூட்டமைப்புக்கு நாலு இடம். போன தடவையும் நாலு இடம்தான், போனது ரெண்டு பேர். அதற்கு முந்தின தடவை ஒருத்தருமே போகலை. அந்தத் தடவை பெயர் கொடுத்துவிட்டு, கிளம்புகிற அன்றைக்குக் காய்ச்சல் என்று படுத்துக்கிட்டது நான்தான். இன்றைக்கு உண்மையைச் சொல்றேன், எனக்குக் காய்ச்சல் இல்லை. பயம். எங்கே இறங்கணும், எங்கே தங்கணும், யாரைக் கேட்கணும், ஒண்ணும் தெரியாது. என்கூட வர இருந்த அக்கா, தனியா எப்படிப் போறதுன்னு அவங்களும் நின்னுட்டாங்க. அவங்க ஊறுகாயைக் கடைக்குப் போடணும், லேபிள் எப்படி ஒட்டணும்னு கத்துக்கத்தான் பெயர் கொடுத்திருந்தாங்க. என்னால் அவங்களுக்கு ஒரு வருஷம் போச்சு. அவங்க மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்கே இப்பத்தான் தெரியும்.

போன தடவை துணிஞ்சு போனேன். அதில் நாங்கள் பட்டதைத்தான் சொல்லப் போறேன். படாமல் நீங்கள் போய் வரணும்.

பெரம்பலூரில் பஸ் ஏறினால் அஞ்சு மணி நேரம் போல ஆகும். பழைய ஞாபகத்தில் கோயம்பேடுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காதீங்க. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் புது பஸ் நிலையம் திறந்துட்டாங்க. நம்ம பக்கத்து பஸ் எல்லாம் அங்கேதான் நிக்கும். ஊரப்பாக்கம் தாண்டி, வண்டலூருக்கு முன்னாடி. ராத்திரி 11 மணி பஸ்ஸில் ஏறி நாலு மணிக்கே இறங்கிட்டோம். இருட்டில் வெளியே வந்து ஆட்டோக்காரரிடம் விலை பேச வேண்டாம். உள்ளேயே உட்கார இடம் இருக்கு, கழிப்பறை இருக்கு. விடியும் வரைக்கும் உட்கார்ந்து, முகம் கழுவி, டீ குடிச்சுட்டுக் கிளம்புங்க. பட்டணம் எங்கேயும் ஓடிப்போகாது.

அங்கேயே டவுன் பஸ் நிக்கிற இடம் தனியா இருக்கு. அதில் தாம்பரம் போகிற பஸ் கேட்கணும். 2021 மே மாதத்திலிருந்து நம்ம ஊர் டவுன் பஸ்ஸில் நமக்குக் கட்டணம் இல்லையே, அதே மாதிரி சென்னையிலும் சாதாரண பஸ்ஸில் கட்டணம் இல்லை. ஆனால் எல்லா பஸ்ஸும் சாதாரண பஸ் இல்லை. டீலக்ஸ், எக்ஸ்பிரஸ், ஏசி என்று வரும், அதுக்கெல்லாம் காசு. படியில் கால் வைக்கும் முன்னாடி "லேடீஸ் ஃப்ரீயா அண்ணே"ன்னு கேட்டுடுங்க, இதில் ஒரு வெட்கமும் இல்லை. காசு இல்லாட்டியும் சீட்டு கேட்டு வாங்கிக் கையில் வைங்க. செக்கிங் வந்தால் காட்டணும்.

தாம்பரத்திலிருந்து மின்சார ரயில். பயிற்சி நடந்த இடம் நுங்கம்பாக்கத்தில் அன்னை தெரசா மகளிர் வளாகம், வள்ளுவர் கோட்டம் பக்கம். நம்ம குழுப் பொருட்கள் கண்காட்சி போடுவாங்களே, அதே வளாகம்தான். வளாகத்தின் பெயரைச் சொன்னால் சில பேருக்குத் தெரியலை. வள்ளுவர் கோட்டம்னு கேட்டால் சின்னப் பிள்ளையும் வழி சொல்லும். பெரிய கல் தேர் நிக்குது, தூரத்திலிருந்தே தெரியும். நுங்கம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் போல. பை இல்லாட்டி நடக்கலாம், பை இருந்தால் ஆட்டோ. ஏறும் முன்னாடி எவ்வளவுன்னு பேசிடுங்க, இறங்கின பிறகு பேசினால் நாம்தான் தோற்போம்.

ரயிலைப் பத்திக் கொஞ்சம் விரிவாச் சொல்லணும், எங்களுக்கு அதில்தான் பயம் அதிகமா இருந்தது. டிக்கெட் ஆளுக்குப் பத்து ரூபாய்தான் கொடுத்தோம். வண்டி வந்ததும் ஒரு பெட்டி காலியா இருந்தது, நல்ல காலம்னு ஏறி உட்கார்ந்துட்டோம். பக்கத்தில் இருந்த காலேஜ் பொண்ணு எங்க டிக்கெட்டைப் பார்த்துட்டு, "ஆன்ட்டி, இது ஃபர்ஸ்ட் கிளாஸ், அடுத்த ஸ்டேஷனில் இறங்கி மாறிடுங்க"ன்னு சொல்லுச்சு. அந்தப் பொண்ணு சொல்லாட்டி 250 ரூபாய் அபராதம், அதோட டிக்கெட் வித்தியாசமும் கட்டியிருக்கணும். காலியா இருக்கிற பெட்டியைப் பார்த்தால் சந்தேகப்படுங்க. பெண்களுக்குன்னு தனிப் பெட்டி இருக்கு, பெட்டியிலேயே எழுதியிருக்கும். பிளாட்பாரத்தில் நிக்கிற பெண்கள் எங்கே கூட்டமா நிக்கிறாங்களோ அங்கே போய் நின்னால் போதும், பெட்டி நமக்கு முன்னாடி வந்து நிக்கும்.

வண்டி ரொம்ப நேரம் நிக்காது. நம்ம ஊர் பஸ் மாதிரி "இருங்க இருங்க"ன்னு கத்தினால் கேட்க ஆள் இல்லை. கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம், கோடம்பாக்கம், அப்புறம் நுங்கம்பாக்கம். மாம்பலம் வந்ததும் எழுந்து பையைத் தூக்கிக்கிட்டு வாசல் பக்கம் வந்துடுங்க. ரெண்டு பேராப் போனால், ஒருத்தர் இறங்கி ஒருத்தர் உள்ளே மாட்டிக்கிட்டால் என்ன செய்யணும்னு முதலிலேயே பேசி வச்சுக்கணும். நாங்க பேசி வச்சது, உள்ளே இருக்கிறவங்க அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே நிக்கணும், மத்தவங்க அடுத்த வண்டியில் அங்கே வரணும். ரெண்டு பேரும் தேடிப் புறப்பட்டால் ராத்திரி வரைக்கும் தேடணும். ரயிலில் ஏதாவது தொந்தரவுன்னா 139, வேற எங்கேயும்னா 112, பெண்களுக்கு 181. இந்த மூணையும் போனில் மட்டும் இல்லாமல் பேப்பரிலும் எழுதி வைங்க. தங்குற இடத்து விலாசம், நம்ம செயலாளர் நம்பர், வீட்டு நம்பர் எல்லாம் அதே பேப்பரில். என் போன் முதல் நாள் மத்தியானமே சார்ஜ் இல்லாமல் அணைஞ்சுபோச்சு. எங்க வீட்டுக்காரர் நம்பரே எனக்கு மனப்பாடம் இல்லைன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. கல்யாணமாகிப் பதினாறு வருஷம்!

இப்ப சொல்லப்போறதை ஆண்கள் இருக்காங்கன்னு விடமாட்டேன். என்கூட வந்த பெரியக்கா, வழியில் பாத்ரூம் எங்கே இருக்குமோன்னு முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணி குடிக்கலை. எனக்குத் தெரியாது. நாமெல்லாம் கல்யாணத்துக்குப் போனாலே இப்படித்தானே செய்யறோம். மறுநாள் பதினோரு மணிக்கு வகுப்பில் உட்கார்ந்தபடியே சாய்ஞ்சுட்டாங்க. எல்லாரும் ஓடிவந்து விசிறி, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து உட்கார வச்சாங்க. அப்புறம் ரெண்டு நாளும் நீர்க்கடுப்பு. எதைக் கத்துக்கிட்டாங்கன்னு கேட்டால், வலிதான் ஞாபகம் இருக்குன்னு சொல்றாங்க. தண்ணி குடிங்க. பஸ் நிலையத்தில் கழிப்பறை இருக்கு, பயிற்சி இடத்தில் இருக்கு. நீண்ட வழியில் பஸ் டீக்கடையில் நிறுத்தும்போது கூச்சப்படாமல் இறங்கிப் போங்க. கையில் சில்லறை வச்சுக்குங்க, ஒரு சின்ன சோப்பும். மாதவிலக்குத் தேதி தள்ளி இருந்தாலும் ரெண்டு நாப்கின் பையில் இருக்கட்டும், பயண அலுப்பில் முன்னாடியே வந்துடும்.

நம்ம ஊர் வெயில் வேற, அந்த ஊர் வெயில் வேற. நம்ம ஊரில் வெயில் சுடும், வேர்வை காய்ஞ்சுடும். அங்கே கடல் காத்து, உடம்பெல்லாம் பிசுபிசுன்னு இருக்கும், வேர்வை காயாது. நல்லா இருக்கணும்னு நான் பாலியஸ்டர் பட்டு கட்டிட்டுப் போனேன், மத்தியானத்துக்குள்ளே அழுதுட்டேன். நூல் சேலை கட்டுங்க. ஐப்பசி, கார்த்திகையில் போறவங்களுக்குக் குடை கட்டாயம், அந்த மாசங்களில்தான் சென்னையில் பெருமழை. நாங்க தங்கின இடத்தில் குளிக்கிற தண்ணி உப்பாத்தான் இருந்தது. சோப்பு நுரைக்கலை, தலைமுடி கயிறு மாதிரி ஆச்சு. தலைக்கு ஊத்திக்கிறதை ஊரிலேயே முடிச்சுட்டுக் கிளம்புங்க. குடிக்க மட்டும் நல்ல தண்ணி கேட்டு வாங்குங்க.

மாதிரிக்குப் பொருள் கொண்டுபோறவங்க கவனிக்கணும். நான் சின்ன வெங்காய வடகத்தைச் சாதாரண பாலித்தீன் கவரில் கட்டி எடுத்துட்டுப் போனேன். நம்ம வீட்டில் ஆறு மாசம் இருக்கிற வடகம். மூணாம் நாள் காட்டணும்னு பிரிச்சால் நமுத்துப்போய் ஒட்டிக்கிட்டு இருக்கு. பயிற்சி கொடுத்த மேடம் அதை எல்லாருக்கும் தூக்கிக் காட்டி, "இதனால்தான் பேக்கிங் கத்துக்கணும்"னு சொன்னாங்க. எனக்கு முகம் சிவந்துபோச்சு. ஆனால் அந்தப் பாடம் மட்டும் இன்னும் மறக்கலை. நீங்க மூடி இறுக்கமான டப்பாவில் எடுத்துட்டுப் போங்க.

கடல் பார்க்காமல் யாராவது வருவாங்களா? ரெண்டாம் நாள் வகுப்பு முடிஞ்சு நாங்களும் கிளம்பினோம். ரயிலில் போர்டைப் பார்த்தேன், "சென்னை கடற்கரை"ன்னு இருக்கு. சரி, அதுதான் கடைசி ஸ்டேஷன், நேரா கடற்கரைன்னு ஏறிட்டோம். இறங்கினால் மணலையும் காணோம், அலையையும் காணோம். எதிரே துறைமுகத்துச் சுவர், லாரி, புகை. அந்த ஸ்டேஷன் பேர்தான் பீச், மெரினா அங்கே இல்லை. பூக்காரம்மா ஒருத்தங்க சிரிச்சுட்டு, தினம் பத்துப் பேர் இப்படி வந்து கேட்கிறாங்கன்னு சொல்லி பஸ்ஸைக் காட்டினாங்க. மெரினாவுக்குப் போறவங்க உழைப்பாளர் சிலை அல்லது கண்ணகி சிலைன்னு கேட்டு பஸ் ஏறுங்க.

கடலில் இறங்காதீங்க. காலை நனைக்கிறதோட நிறுத்திக்குங்க. பார்க்க ஏரி மாதிரி சிரிச்சுக்கிட்டு இருக்கும், கரையிலேயே பள்ளம் விழும். அலை திரும்பும்போது அடியில் இழுக்கும். குளிக்கக் கூடாதுன்னு போலீஸே தடுக்கிறாங்க. நீச்சல் தெரியும்னு இறங்காதீங்க, நம்ம கிணத்து நீச்சல் அங்கே செல்லாது. முட்டிவலிக்காரங்களுக்கு மணலில் நடக்கிறது கஷ்டம். மாற்றுத்திறனாளிகளுக்குன்னு மரத்தில் பாதை போட்டிருக்காங்க, பெரியக்கா அதில்தான் வந்தாங்க. அவங்களுக்கு ஐம்பத்தி ரெண்டு வயசு. கடலை முதல் தடவை பார்த்துட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "இவ்வளவு தண்ணியை வச்சுக்கிட்டா நமக்கு ஒரு போக வெங்காயத்துக்குத் தரமாட்டேங்குது"ன்னாங்க.

தங்குற விடுதிக்கு இருட்டும் முன்னாடி திரும்பிடணும், ராத்திரி கேட் சாத்துற நேரத்தை முதல் நாளே கேட்டுக்குங்க. ஆதார் அசலும் நகலும், கூட்டமைப்புத் தீர்மான நகல், பேங்க் பாஸ்புக் முதல் பக்க நகல் எடுத்துக்குங்க. பஸ் டிக்கெட்டை எறியாதீங்க. பயணப்படி கொடுக்கும்போது கேட்டாங்க, நான் போகும்போது வாங்கின சீட்டைக் கசக்கிப் போட்டிருந்தேன், பாதிதான் கிடைச்சது. ஒரு போர்வை, சின்னப் பூட்டு. பணத்தை ரெண்டு இடத்தில் பிரிச்சு வைங்க. திரும்பும்போது நுங்கம்பாக்கத்திலிருந்து கிளாம்பாக்கம் வரத் தாராளமா ரெண்டு மணி நேரம் வச்சுக்கணும். வெள்ளிக்கிழமை ராத்திரின்னால் பஸ்ஸில் நிக்கக்கூட இடம் இருக்காது, முடிஞ்சால் சனிக்கிழமை காலையில் கிளம்புங்க.

வீட்டைப் பத்தி ஒண்ணு. மாமியார் என்ன சொல்வாங்க, பிள்ளைங்க சாப்பாடு என்ன ஆகும்னுதான் பாதிப் பேர் நிக்கிறோம். நானும் மூணு நாளைக்குக் குழம்பு வச்சு வச்சுட்டுத்தான் போனேன். ரெண்டாம் நாளே புளிச்சுப்போச்சாம். எங்க வீட்டுக்காரர் ரசம் வச்சிருக்கார். எப்படி இருந்ததுன்னு பிள்ளைங்களைக் கேட்டேன், சிரிக்கிறாங்க, சொல்லமாட்டேங்கிறாங்க. ஆனால் யாரும் பட்டினி கிடக்கலை. எங்க மாமியார் போகும்போது ஒரு வார்த்தை பேசலை. வந்ததும் கேட்ட முதல் கேள்வி, கடல் எப்படி இருந்துச்சுன்னுதான்.

பெயர்ப் பட்டியல் செயலாளர் அக்காகிட்ட இருக்கு. முதல் பெயரை நான் எழுதிட்டேன், அது என் பெயர் இல்லை. மூன்றாவது வரிசையில் இருக்கிற அக்கா பெயர். கேட்காமல் எழுதினதுக்குத் திட்டுவாங்க, திட்டட்டும். வழி காட்ட நானும் வர்றேன். எனக்குப் பயிற்சிச் செலவு வேண்டாம், பஸ் செலவு என் சொந்தக் காசு. மிச்சம் மூணு இடம் இருக்கு. கிளம்புற அன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கு அவங்கவங்க வீட்டு வாசலுக்கே வந்து கூப்பிடுறேன். யாரும் காய்ச்சல்னு சொல்லாதீங்க, நான் நெத்தியைத் தொட்டுப் பார்ப்பேன்.