எழுத்து மறையும் பில்

கடையில் மெஷினிலிருந்து கிழித்துக் கொடுக்கிற வழவழப்பான பில்லை ஒரு வருஷம் கழித்து எடுத்துப் பாருங்கள். பல பில்களில் எழுத்தே தெரியாது. அதில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கிற பூச்சுதான். வெயில் பட்டாலும் நாளானாலும் அது வெளுத்துவிடும். ஜிஎஸ்டி சட்டமோ, கணக்குக்குரிய வருஷத்தின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது!

அதனால் வியாபாரிகளே, பில் கைக்கு வந்த அன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள். ஃபைலின் பெயரை வருஷம், மாதம், தேதி என்ற வரிசையில் தொடங்கினால் கம்ப்யூட்டரே அடுக்கிக்கொள்ளும். வேறோர் இடத்திலும் ஒரு பிரதி கட்டாயம் வேண்டும். மின்னணு ஆவணங்களுக்கு 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அங்கீகாரம் தந்திருக்கிறது. உயில், டிரஸ்ட் பத்திரம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் அது பொருந்தாது. அவற்றின் அசலைப் பீரோவிலேயே பத்திரமாக வையுங்கள்.