லண்டன் எடிட்டிங் அறையில்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"லண்டனில் சினிமா, டி.வி.யில் இருந்தவர்" என்று செயலாளர் சொன்னதும் பின்வரிசையில் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கவனித்தேன். ஏமாற்ற விரும்பவில்லை. நட்சத்திரங்களை நான் பார்த்ததெல்லாம் உங்களைப் போலத் திரையில்தான். நான் எடிட்டிங் அறையில் உதவியாளன், பிற்பாடு எடிட்டர். டெலிவிஷன் டாகுமெண்டரிதான் எனக்குச் சோறு போட்டது.

1980களின் தொடக்கத்தில் அந்தத் தொழிலில் நுழைவதே பெரும்பாடு. யூனியன் கார்டு இருந்தால்தான் வேலை. வேலை இருந்தால்தான் கார்டு. கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் என்கிற கதைதான் போங்கள்! சொந்தக்காரர் உள்ளே இருந்தால் வழி பிறக்கும். நமக்கு சோஹோ வார்டோர் தெருவில் மாமனா, மச்சானா?

1982 நவம்பர் 2ஆம் தேதி சேனல் ஃபோர் ஆரம்பித்தது. அவர்கள் பெரும்பாலும் தாங்களே நிகழ்ச்சி தயாரிக்காமல் வெளியார் தயாரித்ததை வாங்கினார்கள். மாடிக்கு மாடி சின்னக் கம்பெனிகள் முளைத்தன. அதில் ஒன்றில்தான் நான் தொற்றிக்கொண்டேன். கறுப்பின, ஆசிய இளைஞர்களின் படக்குழுக்கள் தலையெடுத்ததும் அப்போதுதான். பிளாக் ஆடியோ ஃபிலிம் கலெக்டிவ் 1986இல் எடுத்த 'ஹேண்ட்ஸ்வொர்த் சாங்ஸ்' படத்தை மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். யாரோ மனம் இளகிக் கதவைத் திறந்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. புது சேனலுக்கு நிகழ்ச்சி தேவைப்பட்டது, அவ்வளவுதான். கார்டு இல்லாதவனுக்கு வேலை மறுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது 1990இல்.

வேலை என்ன? 16 எம்.எம். ஃபிலிம். சினிமாவுக்கு செகண்டுக்கு 24 ஃபிரேம், அங்கே டி.வி.க்கு 25. படம் ஒரு சுருளில், ஒலி இன்னொரு சுருளில் வரும். கிளாப் பலகை மூடும் ஃபிரேமில் மெழுகுப் பென்சிலால் குறி போட்டு, ஒலியில் அந்த 'டக்'கைத் தேடி இரண்டையும் பொருத்த வேண்டும். வெட்டின துண்டுகளைத் துணித்தொட்டிக்கு மேலே ஊசிகளில் தொங்க விட வேண்டும். "அந்தக் கிழவர் திரும்புகிறாரே, அதற்கு முந்தைய ஆறு ஃபிரேம் எடு" என்பார் எடிட்டர். ஆறு ஃபிரேம் சுண்டுவிரல் நீளம்கூட வராது! தொட்டிக்குள் தலையை விட்டுத் தேடுவேன்.

அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பற்றிய படம். ஒரு தொழிலாளியின் மனைவி பேசுகிறார்: "பிள்ளைகளுக்கு இனிமேல் என்ன போடுவது என்று தெரியவில்லை, ஆனால் அவர் வேலைக்குத் திரும்பினால் நான் வீட்டுக் கதவைத் திறக்க மாட்டேன்." தயாரிப்பாளருக்கு முதல் பாதி போதும். நேரம் இல்லையாம். எடிட்டர் ஒரு வயதான அம்மா, அதிகம் பேச மாட்டார். ஸ்ப்ளைசரைத் தூக்கி அவர் முன்னால் வைத்தார். "எந்த இடத்தில் என்று காட்டுங்கள். 'ஆனால்' சொல்ல அவர் மூச்சு இழுப்பது கேட்கிறது பாருங்கள், அதுக்கு முன்னாலேயா, பின்னாலேயா?" படத்தை முன்னும் பின்னும் நாலு தடவை ஓட்டினார். அந்த மனுஷர் காபி குடிக்கப் போய்விட்டார். இரண்டு பாதியும் ஒளிபரப்பானது.

1990களில் கம்ப்யூட்டர் வந்தது. வசதிதான், நானும் அதில்தான் வேலை செய்தேன். தொட்டி போனதில் எனக்கு வருத்தமே இல்லை, முதுகு பிழைத்தது. ஆனால் உதவியாளனுக்குத் தனி அறை, பல இடங்களில் ராத்திரி ஷிஃப்ட். எடிட்டரும் தயாரிப்பாளரும் மல்லுக்கட்டுகிற நேரத்தில் அவன் வீட்டில் தூங்குகிறான். அந்த அம்மாவை அவன் எங்கே பார்ப்பான்? உங்களில் யாராவது இந்தத் தொழிலுக்குப் போனால், சம்பளம் கேட்பதற்கு முன்னால் எந்த அறையில் உட்கார வைப்பீர்கள் என்று கேளுங்கள்.

பழைய ஸ்ப்ளைசர் ஒன்று கொண்டு வந்திருக்கிறேன், மேஜைமேல் இருக்கிறது. கொஞ்சம் ஃபிலிமும் இருக்கு. ஒட்டிப் பார்க்க வேண்டும் என்பவர்கள் வரலாம். பிளேடு இன்னும் கூர்தான், விரல் பத்திரம்.