வடியும் வழி



பயிர் வளர வேண்டுவன யாவை என்று வகுப்பில் வினவினால், நீர், ஒளி, எரு என்று மாணவர் விரைந்து விடை கூறுவர். வேருக்குக் காற்று வேண்டும் என்று கூறுவோர் மிகச் சிலரே. இதனை விளக்க நான் நெடிய சொற்பொழிவு செய்வதில்லை. பழைய தகர டப்பாக்கள் இரண்டினை எடுத்து, ஒன்றின் அடியில் மட்டும் ஆணியால் துளைகள் இடுவேன். இரண்டிலும் ஒரே மண்; ஒரே உளுந்து. செடி சில இலைகள் விட்டபின், நாள்தோறும் இரண்டுக்கும் தாராளமாக நீர் ஊற்றச் சொல்வேன். துளையில்லாத டப்பாவில் நீர் தேங்கும். சில நாட்களில் இலை மஞ்சளாகி, செடி நீரில் நின்றுகொண்டே வாடும். "தண்ணீர் இருக்கும்போது ஏன் ஐயா வாடுகிறது?" என்ற கேள்வி எழுந்துவிட்டால், பாடம் பாதி முடிந்தது என்பது என் அனுபவம்.

வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு இடையேயுள்ள காற்றிலிருந்து அது பிராணவாயுவைப் பெறுகிறது. அவ்விடைவெளிகளை நீர் அடைத்துக்கொண்டால் வரவு நின்றுபோகிறது. ஏனெனில் நீருக்குள் பிராணவாயு பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்கே ஆகும். மூச்சு முட்டிய வேர், சுற்றிலும் நீர் இருந்தும் அதனை உறிஞ்சும் ஆற்றலை இழக்கிறது.

அங்ஙனமாயின் நெல் சேற்றில் நிற்பது எவ்வாறு? நெல்லின் தண்டிலும் வேரிலும் நுண்ணிய காற்றுக் குழல்கள் உள்ளன. இலை வாங்கிய காற்று அவ்வழியே வேர்வரை இறங்குகிறது. ஆயினும் நெல்லின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. நெடுநாள் வடியாத சேற்றைக் கிளறினால் சில வயல்களில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அது வேரைக் கறுக்கச் செய்யும் கந்தக வாயு. துத்தநாகச் சத்தும் பயிருக்குக் கிட்டாது. நீர் ஆழமாக நின்றால் தூர் வெடிப்பது குறையும். பயிர் முழுதும் மூழ்கிவிட்டாலோ இலைக்கே காற்றில்லை. சாதாரண இரகங்கள் ஒரு வாரத்துக்கு மேல் தாங்குவது அரிது. 2009-இல் நம் நாட்டில் வெளியிடப்பட்ட சுவர்ணா சப்-1 என்னும் வெள்ளம் தாங்கும் இரகமும் ஏறத்தாழ இரண்டு வாரமே பொறுக்கும். விதை தவணை வாங்கித் தரும், நீரை வடிக்காது.

நான் பிறந்தது காவிரியின் கடைமடைப் பகுதியில். அங்கே நிலம் கடலை நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்று பாடநூல் கூறும்; கண்ணுக்கு அச்சாய்வு தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழை, சம்பாவும் தாளடியும் இளம்பயிராக நிற்கும் வேளையில் பெய்கிறது. கடல் பொங்கும் நேரத்தில் முகத்துவாரம் வெள்ளத்தை எளிதில் வாங்குவதில்லை. போதாக்குறைக்கு வெங்காயத் தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் வடிகாலை அடைத்துக்கொள்கின்றன. மேலூரின் வடிகாலே பல இடங்களில் கீழூரின் பாசன வாய்க்கால். ஆயினும் பாசன முறைக்காக நள்ளிரவில் மண்வெட்டியோடு காவல் நிற்பவர், வடிகாலைக் கார்த்திகையில்தான் நினைக்கிறார்.

எங்கள் தந்தையாரும் அப்படித்தான். எங்கள் வயலுக்கு மேற்கே அடுத்த வயல்காரர் ஒருவர் இருந்தார். அவர் வயல் நீர் எங்கள் வரப்போரமாக ஓடிய வடிகால் வழியே கிழக்கே இறங்க வேண்டும். ஆண்டுதோறும் வரப்பை வெட்டி அணைக்கும்போது, தந்தையார் ஒரு சாண் மண்ணை வடிகால் பக்கம் தள்ளி அணைப்பார். கூடையில் மண் சுமந்தவன் நான். ஆறடி அகல வடிகால், நான் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்ற நாளில் மூன்றடியாயிற்று. எங்களுக்கு இரண்டு வரிசை நடவு கூடுதலாகக் கிடைத்தது.

அவ்வாண்டு தாளடி நட்டு ஒரு மாதமே ஆகியிருந்தது. ஐந்து நாள் விடாத மழை. எங்கள் வயலுக்குக் கிழக்கே வடிகால் அகலமாகவே இருந்ததால் எங்கள் நீர் இறங்கிவிட்டது. அவர் வயல் மட்டும் குளமாக நின்றது. எட்டாம் நாள் நீர் வற்றியபோது பயிர் அழுகிப் படிந்து கிடந்தது. அவர் எங்கள் திண்ணையருகே வந்து நின்றார், சண்டையிடவில்லை. வயதில் மூத்தவர். "தம்பி, தண்ணி எந்தப் பக்கம் போகும்? நீயே சொல்லு," என்றார். தந்தையார் விடை கூறவில்லை. அன்று இரவு அவர் உணவு கொள்ளவும் இல்லை.

அறுவடை முடிந்த சித்திரையில் தந்தையார் கயிறும் மண்வெட்டியுமாகப் புறப்பட்டார். கூடை மீண்டும் என் தலையில். பழைய கரை எங்கே இருந்தது என்பதில் எங்களுக்கே ஐயம். அடுத்த வயல்காரர்தாம் வந்து, மண்ணுக்குள் புதைந்திருந்த பனங்கட்டை ஒன்றைத் தோண்டிக் காட்டினார், அதுதான் எல்லை. அதுவரை வெட்டினோம். இரண்டு வரிசை போகும் என்று எண்ணியிருந்தோம். மூன்று வரிசை போயிற்று.