ஊசி மருந்தும் ஏழையின் உரிமையும்
(கொட்டகலைக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



உடற்பருமனுக்கு வந்திருக்கும் ஊசி மருந்தைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். “நாள் முழுதும் மலையேறிக் கொழுந்து பறிப்போரிடமா பருமனைப் பற்றிய பேச்சு?” என்று சிலர் நகைக்கலாம். கோதுமை ரொட்டியும் சீனித் தேநீருமே உணவாகிப்போன லயத்திலே, இரத்தச் சோகையும் நீரிழிவும் ஒரே கூரையின் கீழ்க் குடியிருக்கக் காண்கிறோம். பருமன் செல்வரின் நோய் என்ற காலம் மலையேறிவிட்டது! ஆசிய மக்களுக்கு உடல்நிறைச் சுட்டெண் 23ஐத் தாண்டும்போதே ஆபத்துக் கூடத் தொடங்குகிறது என்று 2004லேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் எச்சரித்தனர்.

செமக்ளுடைட் என்பது வாரத்துக்கு ஒருமுறை தோலின் கீழ் ஏற்றப்படும் மருந்து. உண்டபின் குடலிலே சுரந்து, மூளைக்குப் “போதும்” என்று உணர்த்தும் இயற்கைச் சுரப்பைப் போன்று அது செயற்படுகிறது. 2021இல் வெளியான ஆய்விலே, 1,961 பேரைக் கொண்டு 68 வாரங்கள் சோதித்தனர். மருந்து பெற்றோரின் எடை சராசரியாக நூற்றுக்கு 14.9 பங்கு குறைந்தது. வெற்று ஊசி பெற்றோருக்கோ 2.4 பங்கே குறைந்தது.

அற்புதந்தான்! ஆனால், ஊசியை நிறுத்தியோர், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் மீண்டும் பெற்றனர். இரத்த அழுத்த மாத்திரையைப் போல இதுவும் நெடுங்கால மருந்து. ஆகவே, “ஓர் ஊசியின் விலை என்ன?” என்பதன்று கேள்வி, “ஆண்டுக்கணக்கில் யாரால் வாங்க முடியும்?” என்பதே கேள்வி! 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அறிவித்த 1,750 ரூபாய் நாட்சம்பளத்தில், அரிசி போக, பிள்ளையின் படிப்புப் போக, மருந்துக்கு எஞ்சுவது எவ்வளவு?

நீரிழிவோடு பருமனும், இருதய நோயோ சிறுநீரக நோயோ உடையோருக்கு இது இன்றியமையாத மருந்து என்று 2025 செப்டெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் பட்டியலிட்டது. இன்றியமையாதது எனில், எளியோருக்கு எட்டாதிருப்பது நீதியாகுமா?

சட்டம் பயின்றவன் என்ற முறையிலே சொல்கிறேன்: மருந்தின் விலையை ஆய்வுகூடம் மட்டும் தீர்மானிப்பதில்லை, காப்புரிமைச் சட்டமும் தீர்மானிக்கிறது. 2012இல் இந்தியா ஒரு புற்றுநோய் மருந்துக்குக் கட்டாய உரிமம் வழங்கிற்று. மாதத்துக்கு ஏறத்தாழ 2,80,000 ரூபாயாயிருந்த விலை 8,880 ஆயிற்று! மக்கள் நலன் காக்க அரசுகளுக்கு இத்தகைய உரிமை உண்டென்று 2001இலேயே தோஹா மாநாடு பிரகடனம் செய்தது. செமக்ளுடைட்டின் முதன்மை இந்தியக் காப்புரிமைக்கு வகுத்த எல்லையோ 2026 மார்ச்சு மாதம். போட்டி பெருகினால் விலை இறங்கும்.

வழி காட்ட வேறு நாடு தேடவேண்டுவதில்லை. பேராசிரியர் சேனக பிபிலேயின் சிந்தனையில் 1971இல் எழுந்தது நமது அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம். பொதுப்பெயரால் மருந்தை மொத்தமாக வாங்கி விலையை வீழ்த்திய வரலாறு நம்முடையது! அந்த வழியிலே இம்மருந்தும் அரசாங்க வைத்தியசாலைக்கு வரவேண்டும். 2 முதல் 8 பாகை வரை குளிரில் காக்கவேண்டிய மருந்து இது. தோட்ட மருந்தகத்துக்குக் குளிரூட்டியும், தடையற்ற மின்சாரமும், தகுதி பெற்ற வைத்தியரும் வேண்டும்.

அன்னையரே, அழகுக்காகக் கள்ளச் சந்தையில் இதை வாங்காதீர்! குமட்டல், வாந்தி, பித்தப்பை நோய், கணைய அழற்சி நேரலாம். கருவுற்றோருக்கு ஆகாது. வைத்தியரின் கண்காணிப்பு இன்றியமையாதது.

ஊசி வந்தாலும் உணவுக் கேள்வி தீராது. நியாயமான கூலியும், காய்கறி பயிரிட ஒரு துண்டு நிலமும் கொடாமல், மருந்தை மட்டும் நீட்டுவது, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். இரண்டும் வேண்டும்; இரண்டும் நம் உரிமை. சலுகையாக அன்று, உரிமையாகவே கேட்போம்!