விருந்தும் பதிவும்

(தென்காசியில் நடைபெற்ற நம் சங்க ஆண்டு விழாவிற் செய்த சொற்பொழிவு)



சாரற்காலம் தொடங்கிவிட்டது. குற்றாலத்திலுள்ள நம் சத்திரத்தின் அறைகளும் நிரம்பத் தலைப்பட்டன. இத்தருணத்தில் யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், அயல்நாட்டினின்றும் தொண்டு செய்ய வருவோரின் உறைவுப் பத்திரங்களைப் பற்றியது. இலக்கணங் கற்பிக்கும் ஆசிரியனுக்கு இப்பொருளில் யாது உரிமை என வினவுவீராயின், பிழை செய்தவன் என்னும் உரிமையே என்று விடை கூறுவோம்.

விருந்து என்னுஞ் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள். உறவினரை உண்பிப்பது சுற்றந் தழுவல். முன்பின் அறியாதாரை ஏற்பதே விருந்தோம்பல். ஆதலின் கடல் கடந்து வரும் தொண்டரே உண்மை விருந்தினராவர்.

அத்தகையோர் நம் பக்கத்திற்குப் புதியவரல்லர். ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895இல் இந்தியாவிற்கு வந்து, நெல்லைச் சீமையிலுள்ள டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்து, 1951இல் அவ்வூரிலேயே மறைந்தார். அவர் வந்த நாளில் இந்தியாவிற்குள் நுழைதற்குரிய கடவுச்சீட்டுச் சட்டம் தோன்றவில்லை. அது 1920இல் வந்தது. அயல்நாட்டார் பதிவுச் சட்டம் 1939இலும், அயல்நாட்டார் சட்டம் 1946இலும் தொடர்ந்தன. இம்மூன்றையும் நீக்கி இயற்றப்பெற்ற புதிய சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆய்க்குடியில் 1981இல் எஸ். இராமகிருஷ்ணன் அவர்கள் மாற்றுத்திறனாளிகளுக்காக நிறுவிய அமர் சேவா சங்கத்தை அறியாதார் இங்கிலர். அங்கும் அயல்நாட்டுத் தொண்டர் வந்து பணிபுரிந்துள்ளனர்.

இனி எம் பிழையைக் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரிலுள்ள சிறிய குழந்தைகள் இல்லமொன்றில் ஆறு திங்கள் ஊதியமின்றி உழைக்க, உடற்பயிற்சி மருத்துவம் கற்ற அயல்நாட்டு நங்கையொருவர் விரும்பினார். எவ்வகை விசா பெறல் வேண்டும் என்று எமக்கு எழுதிக் கேட்டார். யாம் ஒருவரையும் உசாவாது, எளிதிற் கிடைப்பதைப் பெற்று வருக என்று எழுதிவிட்டோம். அவர் சுற்றுலா விசாவில் வந்தார்; எம் வீட்டு மாடியில் தங்கினார். உணவு அளித்தோம், உறைவிடம் அளித்தோம். அவர் வருகையை அறிவித்தல் எம் கடமை என்பதை மட்டும் அறிந்திலோம்.

அவருடைய பயிற்சியால், கால் வலுவிழந்த சிறுவனொருவன் சுவரை விட்டு நான்கடி வைத்தான். அவ்வாரமே காவலர் வந்து வினவினர். அலுவலகத்திற் சென்றபோது, கடிந்துரையாமல் சட்டத்தை விளக்கினர். சுற்றுலா விசாவில் ஊதியமில்லாத் தொண்டு ஒரு திங்களளவே செய்யலாம். அவ்விசாவை இங்கிருந்தே வேறுவகையாக மாற்றவும் இயலாது என்றனர். நங்கை நாடு திரும்பினார். தக்க விசாவுடன் அவர் மீண்டு வர எட்டுத் திங்கள் ஆயிற்று. வந்தபோது அச்சிறுவன் மறுபடியும் சுவரைப் பற்றியே நின்றான். எம் ஒரு வரிக் கடிதத்திற்கு அவன் செலுத்திய தண்டம் அது!

ஆதலின் மூன்று செய்திகளை நினைவிற் கொள்க. முதலாவது, பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் நெடுநாட் பணிபுரிய வருவோர், ஊதியம் பெறாவிடினும், அதற்குரிய வேலை விசாவையே பெறல் வேண்டும். நிறுவனத்தின் பெயரும் இடமும் அதிற் குறிக்கப்படும். இரண்டாவது, நூற்றெண்பது நாளுக்கு மேற்பட்ட அத்தகைய விசாவில் வருவோர், வந்த 14 நாளுக்குள் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். 2018 முதல் இதனை இணையவழியே செய்யலாம். மூன்றாவது, அயல்நாட்டார்க்கு இடமளிப்போர், வீடாயினும் விடுதியாயினும் சத்திரமாயினும், அவர் வந்த 24 மணி நேரத்திற்குள் அறிவித்தல் வேண்டும். முதலிரண்டும் விருந்தினர் கடமை. மூன்றாவது நம் கடமை.

நம் இளைஞர் அயல்நாடு செல்லினும் நிலைமை இதுவே. ஜெர்மனியில் முதியோர் இல்லத் தொண்டிற்குச் செல்வோர், குடிபுகுந்த இரண்டு வாரத்திற்குள், வீட்டுக்காரரின் சான்றுடன் நகர அலுவலகத்திற் பதிதல் வேண்டும். பின்னரும் விசாக் காலம் முடியுமுன் உறைவு அனுமதிக்கு விண்ணப்பித்தல் வேண்டும். பணி முதலில், பத்திரம் பிறகு என்று இருத்தல் எங்கும் தீங்கே பயக்கும்.

சங்கத்தாரை யாம் வேண்டுவது ஒன்றே. நம் சத்திரத்தில் அயல்நாட்டார் வருகைக்கெனத் தனிப் பேரேடு ஒன்று வைக்கப்படுக. கணினி பயின்ற இளைஞர் இருவர், சாரற்காலம் முடியுமளவும் அறிவிப்புப் பணியை ஏற்றுக்கொள்க. கணக்கப்பிள்ளை ஒருவர்மேலேயே இப்பாரத்தைச் சுமத்துதல் நன்றன்று.

பெயரைப் பதிந்துகொள்வது விருந்தினரை ஐயுறுவதாகாதோ எனச் சிலர் கருதலாம். அன்று. வந்தவர் அஞ்சாது தங்கவும், எடுத்த தொண்டை இடைமுறியாது முடிக்கவும் அதுவே துணை. இலையிட்டு அன்னம் படைத்தவுடன் விருந்தோம்பல் முற்றுப்பெற்றதென்று யாம் முன்னர் எண்ணியிருந்தோம். அச்சிறுவன் இன்று ஊன்றுகோலுடன் பள்ளிக்கு வருகின்றான்; அவனைக் காணுந்தோறும் அவ்வெண்ணம் பிழையென்பதை உணர்கின்றோம்.